எண்ணெய்க் குதிர் எப்போது காலியாகும்?

ஒரு வீட்டுக் குதிரில் 30 மூட்டை நெல் இருக்கிறது. மாதம் ஒரு மூட்டை செலவாகிறது. நெல் எத்தனை மாதத்திற்கு வரும்? மூன்றாம் வகுப்பு மாணவனும் '30 மாதம்' என்று தயங்காமல் விடை சொல்வான்.

1980-ஆம் ஆண்டில் உலகத்தின் கச்சா எண்ணெய்க்கும் இதே கணக்கைப் போட்டார்கள். அப்போது உலகில் உறுதி செய்யப்பட்டிருந்த எண்ணெய் இருப்பு ஏறத்தாழ 68,000 கோடி பீப்பாய். ஓராண்டில் எடுக்கப்பட்ட எண்ணெய் ஏறத்தாழ 2,300 கோடி பீப்பாய். (ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர்.) வகுத்துப் பாருங்கள்; ஏறத்தாழ 30 வருகிறது. 'இன்னும் 30 ஆண்டுகளில் எண்ணெய் தீர்ந்துவிடும்' என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னார்கள். அதைக் கேட்ட மாணவர்கள், 2010-இல் வண்டிகளெல்லாம் நின்றுவிடும் என்று கற்பனை செய்து அஞ்சினார்கள்.

2010 வந்தது, போயிற்று. வண்டிகள் நிற்கவில்லை. 1980-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட 40 ஆண்டுகளில், அன்று இருந்ததாகச் சொல்லப்பட்ட இருப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான எண்ணெயை உலகம் எரித்துத் தீர்த்தது. அப்படியிருந்தும் 2020-இன் இறுதியில் உறுதி செய்யப்பட்ட இருப்பு ஏறத்தாழ 1,70,000 கோடி பீப்பாய்! அதாவது, 1980-இல் இருந்ததைவிட இரண்டரை மடங்கு. தின்னத் தின்ன வளரும் குதிர் எங்கேனும் உண்டா?

வகுத்தலில் பிழை இல்லை. அப்படியானால் பிழை எங்கே? இதைக் கண்டுபிடித்தால், எண்ணெயின் எதிர்காலத்தைப் பற்றிப் பாதி புரிந்துகொண்டதாகும்.

நிலத்தடியில் ஏரி இல்லை

எண்ணெய் என்றதும், பூமிக்கடியில் கறுப்பு ஏரி ஒன்று தளும்பிக் கிடப்பதாகவும், அதில் குழாயை விட்டு உறிஞ்சுவதாகவும் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நன்கு நனைந்த செங்கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்குள் நீர் இருக்கிறது. ஆனால் தனியே தேங்கி நிற்கவில்லை. செங்கல்லின் நுண்ணிய துளைகளில் பரவிக் கிடக்கிறது. கச்சா எண்ணெயும் இப்படித்தான் மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை ஆகியவற்றின் நுண்துளைகளில் அடைபட்டுக் கிடக்கிறது.

அது அங்கு வந்த வரலாறு நீண்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து அடித்தரையில் படிந்தன. அவற்றின்மேல் சேறும் மணலும் அடுக்கடுக்காக மூடின. ஆழம் கூடக்கூட வெப்பமும் அழுத்தமும் கூடின. ஏறத்தாழ 60 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் அந்த உயிர்ப்பொருள் மெல்ல மெல்ல எண்ணெயாக மாறியது. வெப்பம் அதற்கும் மேற்பட்ட இடங்களில் எண்ணெயும் சிதைந்து எரிவாயு ஆயிற்று.

பிறந்த எண்ணெய் நீரைவிட இலேசானது. ஆகவே பாறைத் துளைகளின் வழியே மேல்நோக்கி ஊர்ந்தது. வழியில், எதையும் ஊடுருவ விடாத பாறை மூடிபோல் குறுக்கிட்ட இடங்களில் அகப்பட்டுக்கொண்டது. அந்த இடங்களே எண்ணெய் வயல்கள்.

1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்னும் ஊரில் எட்வின் டிரேக் என்பவர் ஏறத்தாழ 21 மீட்டர் ஆழத்திலேயே எண்ணெய் கண்டார். நம் ஊர்க் கிணற்றின் ஆழந்தான்! இன்றோ, ஆழ்கடலின் அடித்தரைக்கும் கீழே பல கிலோமீட்டர் துளைத்துத் தேடுகிறார்கள். எளிதில் கிடைப்பதை முதலில் எடுத்தோம். அரிதானதைப் பின்னால் விட்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் உதவும்.

'இருப்பு' என்னும் சொல்

நனைந்த செங்கல்லைப் பிழிந்தால் எல்லா நீரும் வந்துவிடுமா? வராது. எண்ணெய்ப் பாறையும் அப்படியே. கிணறு தோண்டியவுடன் உள்ளிருக்கும் அழுத்தத்தால் கொஞ்சம் எண்ணெய் தானே பீறிட்டு வரும். அழுத்தம் குறைந்ததும் பக்கத்துக் கிணறுகளின் வழியே நீரைச் செலுத்தி, மேலும் கொஞ்சம் தள்ளி எடுப்பார்கள். அதன்பின் நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன் இவற்றை உட்செலுத்துவதும் உண்டு. இவ்வளவு செய்தும், உலகச் சராசரியாகப் பார்த்தால், பாறையில் உள்ள எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி பாறையிலேயே தங்கிவிடுகிறது.

எனவே 'இருப்பு' என்பது பூமியில் உள்ள மொத்த எண்ணெய் அன்று. இன்றைய தொழில்நுட்பத்தைக் கொண்டு, இன்றைய விலைக்கு நட்டமின்றி எடுக்கக்கூடியது எவ்வளவோ அதுவே இருப்பு. தொழில்நுட்பம் வளர்ந்தால் இருப்பு வளரும். விலை ஏறினாலும் இருப்பு வளரும்! விலை விழுந்தால், பூமியில் ஒரு சொட்டும் குறையாதபோதே இருப்பு சுருங்கிவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கனடா. அந்நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் தார் கலந்த மணல் பெரும்பரப்பில் கிடக்கிறது. அது அங்கே கிடப்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஆனால் மணலைத் தோண்டி, வெந்நீரில் அலசி, தாரைப் பிரித்து எண்ணெயாக்கும் செலவு மிகுதி. அதனால் அது கணக்கில் சேரவில்லை. செலவு குறைந்து தொழில் நிலைபெற்றதும், 2002-இன் இறுதியில் எண்ணெய்த் தொழில் இதழ் ஒன்று அதையும் இருப்பில் சேர்த்தது. 500 கோடி பீப்பாயாக இருந்த கனடாவின் இருப்பு, ஒரே ஆண்டில் 18,000 கோடி பீப்பாய் ஆயிற்று. புதிதாக எந்த வயலும் கண்டுபிடிக்கப்படவில்லை. கணக்கேட்டில் ஒரு வரி மாறியது, அவ்வளவே. வெனிசுலாவின் ஒரினாக்கோ ஆற்றுப் பகுதியில் உள்ள கெட்டி எண்ணெயும் பின்னர் இவ்வாறே கணக்கில் ஏறி, அந்நாட்டை ஏறத்தாழ 30,000 கோடி பீப்பாயுடன் உலகின் முதலிடத்தில் அமர்த்தியது.

இன்னொரு காரணமும் உண்டு. ஈரான், ஈராக், குவைத்து, சவூதி அரேபியா, வெனிசுலா ஆகிய ஐந்து நாடுகள் 1960-இல் பாக்தாதில் கூடித் தொடங்கிய எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பே 'ஒபெக்'. யார் எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்னும் பங்கீட்டுப் பேச்சு 1980-களில் அங்கே சூடுபிடித்திருந்தது. அந்த ஆண்டுகளில் பல உறுப்பு நாடுகள் அடுத்தடுத்துத் தம் இருப்பை உயர்த்தி அறிவித்தன. சவூதி அரேபியாவின் இருப்பு 17,000 கோடியிலிருந்து 25,000 கோடி பீப்பாய்க்கு மேல் தாவியது. அதற்கேற்ற பெரிய கண்டுபிடிப்பு எதுவும் அப்போது நிகழவில்லை. இந்த எண்களை வல்லுநர் பலர் இன்றும் ஐயத்துடனேயே பார்க்கின்றனர்.

குதிர் வளர்ந்ததன் மருமம் இப்போது விளங்குகிறதா? பழைய வயல்களிலிருந்து கூடுதலாக எடுக்கக் கற்றோம். முன்பு விலக்கிவைத்ததைச் சேர்த்துக்கொண்டோம். சில இடங்களில் பேனா முனையாலும் வளர்த்தோம். புதுக் கண்டுபிடிப்பு மட்டும் இந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை. உலகில் எண்ணெய் வயல்கள் மிகுதியாகக் கண்டுபிடிக்கப்பட்ட காலம் 1960-கள். 1980-களிலிருந்து, புதிதாகக் கண்டுபிடிக்கும் எண்ணெயைவிட எரிக்கும் எண்ணெயே பொதுவாக மிகுதி.

ஹப்பர்ட் வரைந்த மணி

1956-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் எண்ணெய்த் துறையினர் கூடிய கூட்டம். ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த கிங் ஹப்பர்ட் என்னும் புவியியல் அறிஞர் அங்கு ஒரு வரைபடத்தைக் காட்டினார். அது கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருந்தது. எண்ணெய் உற்பத்தி தொடக்கத்தில் ஏறும். ஓர் உச்சியை எட்டும். பிறகு ஏறியதுபோலவே இறங்கும் என்றார் அவர். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையில் உச்சியைத் தொடும் என்று நாளும் குறித்தார்.

அவர் சொன்னதன் உட்பொருளைக் கவனியுங்கள். 'எண்ணெய் எப்போது தீரும்?' என்பது பெரிய கேள்வியன்று. 'எப்போது குறையத் தொடங்கும்?' என்பதே கேள்வி. குதிரில் நெல் எவ்வளவு இருந்தாலும், அதன் வாய் சிறுத்துக்கொண்டே போனால் நாள்தோறும் உலை வைக்க முடியுமா?

பலர் நம்பவில்லை. ஆனால் அமெரிக்காவின் உற்பத்தி 1970-இல் நாளொன்றுக்கு 96 லட்சம் பீப்பாயை எட்டி, அதன்பின் இறங்கலாயிற்று. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, அமெரிக்காவினால் தன் கிணறுகளைத் திறந்து ஈடுகட்ட முடியவில்லை. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. ஹப்பர்ட் ஒரே நாளில் தீர்க்கதரிசி ஆனார். 2008-இல் அமெரிக்காவின் உற்பத்தி நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய் அளவுக்குத் தாழ்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2008 ஜூலையில் எண்ணெய் விலை 147 டாலர் வரை ஏறியது. அந்த விலை, அதுவரை யாரும் சீண்டாத களிப்பாறைகளின் பக்கம் கண்களைத் திருப்பியது. இவை எண்ணெய் பிறந்த தாய்ப் பாறைகள். இவற்றின் துளைகள் மிக நுண்ணியவை. எண்ணெய் தானாக நகராது. கிணற்றைச் செங்குத்தாக இறக்கி, பின்னர் பாறை அடுக்கோடு கிடைமட்டமாகத் திருப்பி, நீரும் மணலும் கலந்த கலவையைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்தார்கள். பிளவுகள் மூடிக்கொள்ளாதபடி மணல் முட்டுக்கொடுத்தது. எண்ணெய் கசிந்து வந்தது. டெக்சாசும் வடக்கு டக்கோட்டாவும் மீண்டும் எண்ணெய் மாநிலங்களாக எழுந்தன. 2018-இல் அமெரிக்கா தன் பழைய உச்சியைத் தாண்டியது. 2023-இல் அதன் உற்பத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் பீப்பாய், உலகில் முதலிடம்.

அப்படியானால் ஹப்பர்ட் தோற்றாரா? ஆம் என்றும் சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். அவர் கணித்தது அக்கால முறையில் எடுத்த எளிய எண்ணெயை. அதைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரிதும் பலித்தது. புதுத் தொழில்நுட்பத்தையும் விலையின் வலிமையையும் அவருடைய மணி கணக்கில் கொள்ளவில்லை. உலக உற்பத்தி 2000-த்தை ஒட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 கோடி பீப்பாயில் உச்சியடையும் என்றார். இன்றைய உற்பத்தி அதைப்போல் மூன்று மடங்கு.

ஆனால் களிப்பாறைக் கிணறு நீண்டநாள் கறக்கும் பசு அன்று. முதல் ஆண்டிலேயே அதன் உற்பத்தி பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே ஓயாமல் புதிது புதிதாகத் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய பெரும் வயல்களும் என்றும் இளமையோடு இருப்பதில்லை. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்து வலைகளைப் பாழாக்குவதாகச் சொன்ன ஒரு மீனவரின் பெயரைத் தாங்கியது கான்டரெல் வயல். நைட்ரஜனைச் செலுத்தி அதன் உற்பத்தியைப் பெருக்கினார்கள். 2004-இல் நாளொன்றுக்கு 21 லட்சம் பீப்பாய் கொடுத்த அந்த வயல், ஐந்தே ஆண்டுகளில் அதில் மூன்றில் ஒரு பங்காக மெலிந்தது. 1999-இல் உச்சியடைந்த பிரிட்டனின் வடகடல் எண்ணெயும் இறங்குமுகத்திலேயே இருந்துவருகிறது.

தேவை என்னும் மறுதட்டு

இதுவரை தராசின் ஒரு தட்டைப் பார்த்தோம். மறுதட்டில் இருப்பது தேவை. 2023-இல் உலகம் நாளொன்றுக்குப் பயன்படுத்திய எண்ணெய் 10 கோடி பீப்பாய்க்கும் மேல். நீங்கள் 'ஒன்று' என்று எண்ணி முடிப்பதற்குள் ஆயிரம் பீப்பாய்க்கு மேல் செலவாகிவிடுகிறது! இதில் பாதிக்கு மேல் போக்குவரத்துக்கே போகிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு கண்ணி உண்டு. 50 ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். செலவு ஆண்டுதோறும் 2 விழுக்காடு மட்டும் கூடட்டும். இருப்பு எத்தனை ஆண்டு வரும்? காகிதம் எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 35 ஆண்டுகளில் தீர்ந்துவிடும்! சிறிய வளர்ச்சி 15 ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது. மாறாகச் செலவு குறைந்தால் இருப்பு நீளும்.

தேவை ஏறிக்கொண்டேதான் போகுமா? 1973-லும் 1979-லும் விலை ஏறியதும், பல நாடுகள் மின்நிலையங்களில் எண்ணெய் எரிப்பதைக் குறைத்தன. சிக்கனமான வண்டிகளைச் செய்தன. 1979-க்குப் பின் சில ஆண்டுகள் உலகத் தேவை உண்மையாகவே இறங்கியது. 2020-இல் கொரோனா தொற்றினால் உலகம் வீட்டுக்குள் அடங்கியபோது நடந்தது இன்னும் வியப்பு. அவ்வாண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், அமெரிக்க எண்ணெய்ச் சந்தையில் மே மாத ஒப்பந்த விலை பூச்சியத்துக்கும் கீழே, கழித்தல் 37 டாலருக்குச் சென்றது. கொட்டிவைக்க இடமில்லாமல், 'எண்ணெயை எடுத்துக்கொண்டு பணத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்' என்னும் நிலை! மண்ணில் எவ்வளவு இருந்தாலும், வாங்குவார் இல்லையேல் அது செல்வம் ஆகாது என்பதை உலகம் அன்று கண்டது.

இன்று மின்சாரக் கார்கள் பெருகிவருகின்றன. 2024-இல் உலகில் விற்ற புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரத்தினால் ஓடுபவை. அவற்றில் பெரும்பகுதி சீனாவில் விற்றவை. இதைக் கருதி, உலக எண்ணெய்த் தேவை இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் வளர்ச்சி நின்று சமநிலை அடையும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2024-இல் கணித்தது. அதே ஆண்டில் ஒபெக் அமைப்போ, 2050-இல் தேவை நாளொன்றுக்கு 12 கோடி பீப்பாயாக உயரும் என்றது. விற்பவரின் கணிப்பும், வாங்கும் நாடுகளின் அமைப்பு செய்யும் கணிப்பும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. எதிர்கால எண் எதைக் கண்டாலும், அதைச் சொல்பவர் யார் என்றும் கேளுங்கள்.

இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. வரும் ஆண்டுகளில் தேவை மிகுதியாக வளரப்போகும் நாடுகளுள் இந்தியா முதன்மையானது. அசாமின் டிக்பாயில் 1901-லேயே சுத்திகரிப்பு ஆலை கண்ட நாடு நம்முடையது. 1974-இல் மும்பைக் கடலில் பெருவயல் ஒன்றையும் கண்டுபிடித்தோம். எனினும் இன்று நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. பாரசீக வளைகுடாவில் ஒரு கப்பல் தயங்கினால் நம் காய்கறி விலை ஏறுவதன் காரணம் இதுவே.

புதிய கணக்கு

இப்போது மீண்டும் குதிருக்கு வருவோம். இருப்பு 1,70,000 கோடி பீப்பாய். ஆண்டுச் செலவு ஏறத்தாழ 3,700 கோடி பீப்பாய். வகுத்தால் 46 வருகிறது. 'இன்னும் 46 ஆண்டுகளில் எண்ணெய் தீரும்' என்று யாரேனும் எழுதினால், அது 1980-இன் பிழையையே மீண்டும் செய்வதாகும். இதை நீங்கள் இப்போது அறிவீர்கள்.

ஆனால் வேறொரு கணக்கு இருக்கிறது. ஒரு பீப்பாய் எண்ணெயை எரித்தால் ஏறத்தாழ 430 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. உறுதி செய்யப்பட்ட இருப்பு முழுவதையும் எரித்தால் எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள், 73,000 கோடி டன். உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்துவதற்குப் பாதி வாய்ப்பேனும் வேண்டுமானால், 2020 முதல் மனிதகுலம் வெளியிடக்கூடிய கரியமில வாயு மொத்தம் 50,000 கோடி டன்தான் என்று பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழு 2021-இல் கணக்கிட்டது. நிலக்கரியையும் எரிவாயுவையும் விட்டுவிட்டு, எண்ணெய் ஒன்றை மட்டுமே எரித்தாலும் இந்த எல்லை உடைந்துவிடும்.

1980-இல் நம் அச்சம், எண்ணெய் போதாமற் போய்விடுமே என்பது. இன்றைய அச்சம் அதற்கு நேர்மாறானது. எரிக்கத் தகுந்த அளவைவிட மிகுதியாக எண்ணெய் இருக்கிறதே என்பது. 'எண்ணெய் எப்போது தீரும்?' என்று கேட்ட தலைமுறை போய், 'எவ்வளவு எண்ணெயை மண்ணிலேயே விட்டுவைக்கப் போகிறோம்?' என்று கேட்க வேண்டிய தலைமுறை வந்திருக்கிறது.

விட்டுவைப்பது வீணாவதன்று. எண்ணெய் எரிப்பதற்கு மட்டுமே உரியது என்று யார் சொன்னது? மருந்து, சாயம், செயற்கை இழை, சாலைக்கு இடும் தார் என எத்தனையோ பொருள்களுக்கு அது மூலம். பல கோடி ஆண்டுகள் சமைந்த பொருளை இருநூறு ஆண்டுகளுக்குள் புகையாக்கிவிடுவது அறிவுடைமை ஆகுமா?

விதை நெல்லைக் குற்றித் தின்னலாகாது என்பது நம் உழவர் அறிந்த நெறி. குதிரில் கைவிடும்போது அடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு, எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணெய்க் குதிரின் முன்னால் நிற்கும் நாமும் அந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். இன்று வகுப்பறையில் இருக்கும் நீங்கள்தான் அதற்கு விடை எழுதப்போகிறீர்கள்.